ஸ்டாட்டிக் மாறியை எங்கே வைப்பது? கெர்னல் கோடுக்கு ஓர் ஒப்பீடு

பர்கூரிலும் தருமபுரியிலும் அரசு பொறியியல் கல்லூரிகளில் கடைசி வருட ப்ராஜெக்ட் செய்கிறவர்களும், ஓசூர் சிப்காட் பக்கம் போர்டுகளுக்கு லினக்ஸ் ஏற்றும் வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களும் தடுக்கி நிற்கிற இடம் ஒன்று உண்டு. டிரைவரில் ஒரு மதிப்பு, ஃபங்ஷன் முடிந்த பிறகும் அழியாமல் இருக்க வேண்டும். அதைக் கோப்பின் தலையில் ஸ்டாட்டிக்காக அறிவிப்பதா, ஃபங்ஷனுக்குள்ளேயே ஸ்டாட்டிக் போடுவதா, டிவைஸுக்கென்று ஒரு ஸ்ட்ரக்சர் ஒதுக்கி அதில் வைப்பதா? அறிவித்த பிறகு பக்கத்தில் ‘= 0’ எழுதுவதா, விடுவதா? சி மொழி சொல்லிக்கொடுத்தவர் எல்லா மாறிக்கும் தொடக்க மதிப்புக் கொடு என்றிருப்பார். கெர்னலோடு வரும் செக்பேட்ச் என்ற நடை சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் அதே வரியைப் பிடித்து ‘எரர்’ என்கிறது.

பேசுவதற்கு ஒரு டிரைவரை எடுத்துக்கொள்வோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிற ஓர் ஊரில் மேல்நிலைத் தொட்டி. அதில் நீர்மட்டம் பார்க்கும் சென்சார். கீழே ஏஆர்எம் போர்டில் லினக்ஸ். டிரைவர் கடைசி அளவை நினைவில் வைத்திருக்கிறது, எத்தனை முறை படித்தது என்று எண்ணுகிறது, மட்டம் இறங்கினால் இன்டரப்ட் வாங்கி எச்சரிக்கிறது. ஒரு தொட்டி இருக்கும்வரை எந்த வழியில் எழுதினாலும் ஓடும். சிக்கல் இரண்டாவது தொட்டி கட்டும்போதுதான் வருகிறது.

## எதை வைத்து எடை போடுவது

எத்தனை பிரதி? முதலில் கேட்க வேண்டியது இது; பாதி முடிவு இதிலேயே வந்துவிடும். ‘ஸ்டாட்டிக்’ என்று எழுதிய அந்த நிமிடமே, இந்த மாறி கெர்னல் முழுவதற்கும் ஒன்றே ஒன்று என்று சொல்லிவிட்டோம். தொட்டிக்கு ஒன்று வேண்டிய கணக்கா, டிரைவருக்கு ஒன்று வேண்டிய கணக்கா, கோருக்கு ஒன்றா? இதைத் தீர்க்காமல் பெயர் வைப்பதிலும் இடம் பிடிப்பதிலும் மல்லுக்கட்டுவது வீண்.

யார் யார் தொடுகிறார்கள்? நான்கு கோர் உள்ள போர்டில் இரண்டு ப்ராசஸ் ஒரே நேரத்தில் ரீட் அழைக்கலாம்; நடுவில் இன்டரப்டும் நுழையலாம். ‘கவுன்ட்’டை ஒன்று கூட்டுவது சி-யில் ஒரே வரி. ஏஆர்எம்மில் அது எடு, கூட்டு, திருப்பி வை என்று மூன்று வேலை. இரண்டு கோர் ஒன்றாக எடுத்தால் ஒரு கூட்டல் காணாமல் போகும்.

எவ்வளவு காலம்? பூட் ஆகும்போது மட்டுமா, மாட்யூலைக் கழற்றும்வரையா, டிவைஸ் இருக்கும்வரையா?

நினைவகத்தில் எந்தப் பகுதி? பூஜ்ஜியத்தில் தொடங்கும் ஸ்டாட்டிக் பிஎஸ்எஸ்ஸுக்குப் போகும். வேறு மதிப்பில் தொடங்குவது டேட்டாவுக்குப் போகும். கான்ஸ்ட் ஆக இருப்பது ரோடேட்டாவுக்குப் போகும். மூன்றும் கெர்னல் இமேஜின் பகுதிகள். ஓடும் நேரத்தில் நினைவகம் ஒதுக்கும் கேமல்லாக் கொடுக்கும் இடத்துக்கு உள்ள சலுகைகள் இவற்றுக்குக் கிடையாது. இது எங்கே கடிக்கும் என்று பின்னால் வருகிறது.

பராமரிப்பவர் பேட்ச்சை ஏற்பாரா என்பதும் ஓர் அளவுகோல்தான். முதல் நான்கும் சரியாக இருந்தால் அது பெரும்பாலும் தானாக அமையும்.

## வழி 1: கோப்பின் தலையில் ஸ்டாட்டிக்

இன்க்லூட் வரிகளுக்கும் மேக்ரோக்களுக்கும் கீழே, எல்லா ஃபங்ஷனுக்கும் மேலே அறிவிப்பது. டிரைவர் முழுவதற்கும் உண்மையிலேயே ஒன்றாக இருக்கும் பொருள்களுக்கு இதுதான் சரியான வீடு. பிளாட்ஃபார்ம் டிரைவர் ஸ்ட்ரக்சர், டிவைஸ் ட்ரீ பொருத்தப் பட்டியல், ஃபைல் ஆபரேஷன்ஸ் அட்டவணை, மாட்யூல் பேராமீட்டர், டிவைஸுக்கு மைனர் எண் கொடுக்கும் ஐடிஏ (எண் ஒதுக்கி) எல்லாம் இங்கேதான் இருக்க வேண்டும்.

ஸ்டாட்டிக் என்ற சொல்லை விட்டுவிட்டால் அந்தப் பெயர் கெர்னல் முழுவதற்கும் தெரியும். ‘கவுன்ட்’, ‘பஃபர்’, ‘டிபக்’ மாதிரிப் பெயர் வைத்திருந்தால், கெர்னலோடு சேர்த்து லிங்க் செய்யும் நாளில் இன்னொரு கோப்பின் அதே பெயரோடு மோதி ‘மல்ட்டிபிள் டெஃபினிஷன்’ வரும். மோதினால் நல்லதே, கண்ணில் படுகிறது. ஜிசிசி 10-க்கு முன், 2020 வரை, பயனர் பக்க நிரல்களில் இயல்பு நிலை வேறு: தொடக்க மதிப்பில்லாத இரண்டு குளோபல்கள் ஒரே பெயரில் இருந்தால் லிங்கர் சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடும். லினக்ஸ் கெர்னல் அதற்கு வெகு முன்பே ‘நோ காமன்’ கொடியைப் போட்டு இதை அடைத்துவிட்டது. சொந்தமாகக் கெர்னல் எழுதிப் பழகுகிறவர்கள் தங்கள் மேக்ஃபைலில் அந்தக் கொடியைத் தாங்களே சேர்க்க வேண்டும்.

ஸ்டாட்டிக் விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க ஸ்பார்ஸ் இருக்கிறது. 2003-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கருவி. மேக் கட்டளையோடு ‘சி=1’ கொடுத்தால் இப்போது கம்பைல் ஆகும் கோப்புகளையும், ‘சி=2’ கொடுத்தால் எல்லாக் கோப்புகளையும் பார்த்து, இது எங்கும் அறிவிக்கப்படவில்லையே, ஸ்டாட்டிக்காக இருக்க வேண்டுமா என்று கேட்கும். அனேகமாக ஆம்தான் பதில்.

மறைந்திருக்கும் செலவு, நிலை பழசாவது. தொட்டி டிரைவரில் ‘ஹார்டுவேரைத் தயார் செய்தாயிற்று’ என்று ஒரு கொடியைக் கோப்பின் தலையில் வைத்ததாகக் கொள்வோம். ப்ரோப் (டிவைஸ் கிடைத்ததும் அதைத் தயார் செய்யக் கெர்னல் அழைக்கும் ஃபங்ஷன்) ஓடுகிறது, கொடி 1 ஆகிறது. அடுத்த வரியில் மின்சாரம் கொடுக்கும் ரெகுலேட்டர் இன்னும் வரவில்லை என்பதால் ப்ரோப் ‘டிஃபர்’ (பிறகு பார்க்கலாம்) சொல்லித் திரும்புகிறது. சற்று நேரத்தில் கெர்னல் ப்ரோப்பை மறுபடி அழைக்கும். கொடி ஏற்கெனவே 1. ஹார்டுவேர் தயாரிப்பு தாண்டிப் போகிறது, சென்சார் எப்போதும் ஒரே எண்ணைக் காட்டுகிறது. மேசையில் பத்து முறை பூட் செய்தாலும் தெரியாது; ரெகுலேட்டர் தாமதமாகும் ஒரு போர்டில் மட்டும் தெரியும். இரண்டாவது தொட்டிக்குச் சென்சார் மாட்டினாலும் இதே கதை: முதல் சென்சார் ஏற்றிய கொடியைப் பார்த்து இரண்டாவது சும்மா இருந்துவிடும்.

ஒன்றுதான் வேண்டும் என்று உறுதியானால், மாறியையும் அதைக் காக்கும் லாக்கையும் பிரிக்காதீர்கள். பாடத்துக்காக எழுதப்பட்ட எக்ஸ்வி6 கெர்னலில் இதற்கு அழகான முன்மாதிரி இருக்கிறது: இலவசப் பக்கங்களின் பட்டியலும் அதன் ஸ்பின்லாக்கும் ‘கேமெம்’ என்ற ஒரே ஸ்ட்ரக்சருக்குள் உட்கார்ந்திருக்கும். எந்த லாக் எதற்கு என்று கமென்ட் எழுத வேண்டியதே இல்லை. லினக்ஸில் தனி லாக் வேண்டுமானால் ‘டிஃபைன் மியூட்டெக்ஸ்’, ‘டிஃபைன் ஸ்பின்லாக்’ மேக்ரோக்கள் கம்பைல் நேரத்திலேயே தயார் செய்துவிடும். இன்டரப்டும் தொடும் என்றால் மியூட்டெக்ஸ் உதவாது. ஸ்பின்லாக்கின் ‘ஐஆர்க்யூ சேவ்’ வடிவம்தான்.

## வழி 2: ஃபங்ஷனுக்குள்ளே ஸ்டாட்டிக்

பார்க்க அடக்கமானது. பெயர் வெளியே தெரியாது, பயன்படுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பலரை இதுதான் ஏமாற்றுகிறது: தெரியும் எல்லை சுருங்கியிருக்கிறதே தவிர பிரதி ஒன்றுதான், ஆயுள் முழுக்கத்தான். எத்தனை கோர் அழைத்தாலும் எல்லோருக்கும் ஒரே பைட்டுகள். உள்ளூர் மாறி மாதிரி தோன்றுவதால் ரிவ்யூ செய்கிறவர் கண்ணும் தாண்டிப் போகும்.

இந்த வழிக்கு ஆட்கள் வந்து சேரும் பாதை பெரும்பாலும் ஒன்றே. எக்ஸ்86-64 லினக்ஸில் ஒரு த்ரெட்டின் கெர்னல் ஸ்டாக் 16 கேபி. ஒரு ஃபங்ஷனின் ஃபிரேம் 2048 பைட்டைத் தாண்டினால் 64 பிட் பில்டில் கம்பைலர் எச்சரிக்கும். 4096 பைட் பஃபரை உள்ளே அறிவித்தவர் அந்த எச்சரிக்கையைப் பார்க்கிறார், முன்னால் ‘ஸ்டாட்டிக்’ சேர்க்கிறார், எச்சரிக்கை மறைகிறது. ஸ்டாக் நிரம்பும் ஆபத்துப் போய், அதைவிட மோசமான ஒன்று உள்ளே வந்துவிட்டது: இரண்டு அழைப்பு ஒன்றாக வந்தால் ஒன்றின் தரவு மேல் மற்றொன்று எழுதும். ஒரு தொட்டியின் மட்டம் இன்னொரு தொட்டியின் பெயரில் போகும். எச்சரிக்கையே மேல்.

அதே பஃபரை எஸ்பிஐ டிரான்ஸ்ஃபருக்குக் கொடுத்தால் அடுத்த பள்ளம். கெர்னல் இமேஜின் டேட்டா, பிஎஸ்எஸ் முகவரிகளையும், மாட்யூல் இமேஜின் முகவரிகளையும், ஸ்டாக் முகவரிகளையும் டிஎம்ஏவுக்கு (சிபியு இல்லாமல் ஹார்டுவேரே நினைவகத்தில் நேரடியாகப் படித்து எழுதுவது) மேப் செய்யக் கூடாது என்று டிஎம்ஏ கையேடு வெளிப்படையாகச் சொல்கிறது. ஸ்டாட்டிக் பஃபர் இந்தத் தடைக்குள் நேராக வந்து விழுகிறது. ஒரு போர்டில் ஓடிவிடும், கன்ட்ரோலர் மாறினால் குப்பை வரும். தீர்வு கேமல்லாக்கில் வாங்குவது, அல்லது டிவைஸ் ஸ்ட்ரக்சருக்குள் கேச் லைன் எல்லைக்கு ஒத்து வைப்பது.

இன்னொன்று ஹெடர் கோப்பு. ‘ஸ்டாட்டிக் இன்லைன்’ ஃபங்ஷனுக்குள் ஸ்டாட்டிக் மாறி வைத்தால், அந்த ஹெடரைச் சேர்க்கும் ஒவ்வொரு சி கோப்புக்கும் தனிப் பிரதி உருவாகும். ஒரே ஒரு முறை அச்சிட வேண்டிய செய்தி எத்தனை கோப்போ அத்தனை முறை வரும்.

சி++ பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே ஃபங்ஷனுக்குள் இருக்கும் ஸ்டாட்டிக்கை முதல் முறை தயார் செய்யும்போது கம்பைலரே காவல் போடும். சி-யில் தொடக்க மதிப்பு மாறிலியாகத்தான் இருக்க வேண்டும், காவலும் இல்லை. ‘முதல் முறை என்றால் ஒதுக்கு’ என்று இஃப் போட்டு எழுதினால் இரண்டு கோர் ஒரே நேரத்தில் ‘முதல் முறை’ ஆகும்.

அப்படியானால் இது எதற்குமே ஆகாதா? ஆகும். ஒரு முறை மட்டும் அச்சிடும் ‘பிஆர் இன்ஃபோ ஒன்ஸ்’ உள்ளே இப்படித்தான் கொடி வைத்திருக்கிறது. இரண்டு கோர் போட்டியிட்டு இரண்டு முறை அச்சானாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அளவு கட்டி அச்சிடும் ‘ரேட்லிமிட்டட்’ வகையும் அப்படியே. இயல்பில் 5 விநாடிக்கு 10 செய்தி, அந்தக் கணக்கு அழைக்கும் இடத்திலேயே ஒரு ஸ்டாட்டிக்கில் இருக்கிறது. லாக்குகளின் வரிசையைச் சரிபார்க்கும் லாக்டெப்புக்கு வேண்டிய சாவியும் வழக்கமாக ஸ்டாட்டிக் முகவரியில்தான் இருக்கும். இந்த மூன்றையும் பெரும்பாலும் மேக்ரோக்களே செய்துவிடுகின்றன. ஆகவே கையால் எழுத வேண்டிய தேவை அபூர்வம்; எழுதினால் ஏன் போட்டி வந்தாலும் பரவாயில்லை என்று ஒரு வரிக் கமென்ட் அவசியம்.

## வழி 3: டிவைஸ் ஸ்ட்ரக்சருக்குள்

தொட்டிக்கு ஒன்று வேண்டிய எல்லாம் இங்கே: கடைசி அளவு, எண்ணிக்கை, லாக், பஃபர். ப்ரோப்புக்குள் ‘டெவ்எம் கேஇசட்அல்லாக்’ கொண்டு ஒதுக்குங்கள். கிடைக்காவிட்டால் நினைவகப் பற்றாக்குறைப் பிழையைத் திருப்புங்கள். ‘செட் டிரைவர்டேட்டா’ மூலம் டிவைஸோடு கட்டிவிடுங்கள். மற்ற ஃபங்ஷன்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஃபைல் ஓப்பனில் ‘கன்டெய்னர் ஆஃப்’ வைத்து ஸ்ட்ரக்சருக்குத் திரும்பலாம்.

ஒவ்வொரு ப்ரோப்புக்கும் பூஜ்ஜியமாக்கிய புது இடம் கிடைப்பதால், முன்னே சொன்ன பழைய கொடிச் சிக்கல் இங்கே எழாது. பாயின்டர் வழியாகப் போவதால் வேகம் குறையுமே என்று சிலர் தயங்குகிறார்கள். 100 கிலோஹெர்ட்ஸ் ஐ2சி-யில் ஒரு பைட் நகர, ஒப்புதல் பிட்டோடு சேர்த்து 9 துடிப்பு, அதாவது 90 மைக்ரோவிநாடி. பாயின்டர் ஒன்றைப் பின்தொடர்வது அதன் முன்னால் கணக்கிலேயே வராது.

செலவு வேறு இடத்தில். லாக்குகளை ஓடும் நேரத்தில் ‘மியூட்டெக்ஸ் இனிட்’, ‘ஸ்பின்லாக் இனிட்’ என்று அழைத்துத் தயார் செய்தாக வேண்டும். மறந்தால் லாக்டெப், ஸ்டாட்டிக் அல்லாத சாவியைப் பதிய முயல்கிறாய் என்று புலம்பும். பழக்கமில்லாதவர்கள் அதைப் படித்துவிட்டு லாக்கை ஸ்டாட்டிக் ஆக்கிவிடுகிறார்கள்! அது கேட்பது இனிட் அழைப்பைத்தான்.

இன்னொன்று ஆயுள். டெவ்எம் ஒதுக்கியது டிரைவர் பிரியும்போது விடுபடும். அந்த நேரத்தில் ஒரு ப்ராசஸ் கேரக்டர் டிவைஸைத் திறந்து வைத்திருந்தால், அதன் அடுத்த ரீட் விடுவிக்கப்பட்ட இடத்தைத் தொடும். பயனர் பக்கம் ஃபைலாகத் திறக்கும் டிரைவர் என்றால் ‘கேரெஃப்’ வைத்து எண்ணி, கடைசி ஆள் மூடும்போது விடுவது பாதுகாப்பு. வேலைக்கு ஆகும் கோடு கொஞ்சம் கூடும்தான். இருந்தாலும், ஒரு டிவைஸ்தானே என்று இன்றைக்குத் தோன்றினாலும், டிரைவர் நிலைக்கு இதைத்தான் முதல் தேர்வாக வைக்கச் சொல்வோம்.

## வழி 4: கோருக்கு ஒன்று

வினாடிக்கு லட்சக்கணக்கில் கூட்டப்படும் எண்ணிக்கைக்கு மட்டும். ‘டிஃபைன் பெர் சிபியு’வின் முன் ஸ்டாட்டிக் போட்டு அறிவித்து, ‘திஸ் சிபியு இன்க்’ வைத்துக் கூட்டுவது. லாக் வேண்டாம். மொத்தம் வேண்டும்போது எல்லாக் கோரின் எண்ணையும் கூட்டிக்கொள்ளலாம். கூட்டும்போதே எண்கள் நகர்ந்துகொண்டிருக்கும் என்பதால் அந்தக் கணத்துத் துல்லியம் கிடையாது. இதை ஃபங்ஷனுக்குள் அறிவிக்காதீர்கள்: எஸ்390, ஆல்ஃபா ப்ராசஸர் வகைகளின் மாட்யூல்களுக்காக இந்த மாறிகள் ‘வீக்’ ஆக வரையறுக்கப்பட வேண்டியிருப்பதால், ஃபங்ஷனுக்குள் வைக்கக் கூடாது, ஸ்டாட்டிக்காக இருந்தாலும் பெயர் கெர்னல் முழுவதிலும் தனித்திருக்க வேண்டும் என்று ஹெடரிலேயே விதி இருக்கிறது. மாட்யூல்களுக்கு இதற்கென ஒதுக்கிய இடமும் வழக்கமாக 8 கேபிதான். அதில் பெரிய வரிசை வைத்தால் மாட்யூலே ஏறாது. தொட்டி மட்டத்துக்கு இதெல்லாம் தேவையில்லை.

## வழி 5: ஸ்டாட்டிக் கான்ஸ்ட் அட்டவணை

மாறாத தரவுக்கு விவாதமே கிடையாது: ஸ்டாட்டிக், கான்ஸ்ட் இரண்டும் வேண்டும். சென்சார் மின்னழுத்தத்தைச் சென்டிமீட்டராக்கும் 64 எண் கொண்ட வரிசையை ஃபங்ஷனுக்குள் வெறும் கான்ஸ்டாக எழுதினால், ஒவ்வொரு அழைப்பிலும் கம்பைலர் அதை ஸ்டாக்கில் கட்டிக்கொண்டிருக்கலாம்: 4 பைட் எண் என்றால் 256 பைட். முன்னால் ஸ்டாட்டிக் சேர்த்ததும் ஒரே பிரதியாக ரோடேட்டாவில் போய் உட்காரும். ஆப்ஜெக்ட் கோடும் சுருங்கும். ஃபங்ஷனுக்குள் ஸ்டாட்டிக் வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இது தெளிவான விலக்கு. யாரும் எழுதாத இடத்தில் போட்டி ஏது?

எழுத்துச் சர வரிசைக்கு இரண்டு கான்ஸ்ட். ‘ஸ்டாட்டிக் கான்ஸ்ட் சார் *’ என்று மட்டும் எழுதினால் எழுத்துகள்தான் பூட்டப்படுகின்றன. சுட்டிகள் எழுதக்கூடிய டேட்டாவிலேயே கிடக்கும். நட்சத்திரத்துக்குப் பின்னும் ஒரு கான்ஸ்ட் வேண்டும். செக்பேட்சும் இதைச் சுட்டிக்காட்டும். சொல்வரிசையில் ஸ்டாட்டிக் முதலில். ‘கான்ஸ்ட் ஸ்டாட்டிக்’ என்று திருப்பிப் போட்டாலும் கம்பைல் ஆகும், ஆனால் ஸ்டோரேஜ் கிளாஸ் முன்னால் வர வேண்டும் என்று திட்டு வாங்கும்.

## ‘= 0’ எழுதுவதா?

இருப்பதிலேயே சின்னக் கேள்வி, ஆனால் அதிகம் சண்டை போடுவது இதற்குத்தான். ஸ்டாட்டிக் ஆயுள் கொண்ட மாறிக்கு மதிப்புக் கொடுக்காவிட்டால் அது பூஜ்ஜியம் என்பது சி மொழித் தரத்தின் வாக்குறுதி. பழைய ஜிசிசி, ‘= 0’ என்று எழுதியதை டேட்டா பகுதியில் போட்டது; எழுதாமல் விட்டதை பிஎஸ்எஸ்ஸில் போட்டது. பிஎஸ்எஸ்ஸுக்கு ஈஎல்எஃப் கோப்பில் (கம்பைலரும் லிங்கரும் தரும் நிரல் கோப்பு வடிவம்) அளவு மட்டும்தான் பதிவு, பைட்டுகள் கிடையாது. விதி பிறந்தது அந்தக் காலத்தில். இப்போதைய ஜிசிசி பூஜ்ஜியத்தை இயல்பாகவே பிஎஸ்எஸ்ஸுக்கு அனுப்பிவிடுகிறது. எனவே இன்று லினக்ஸில் இது வெறும் நடைப் பழக்கம். பழக்கம் என்றாலும் செக்பேட்ச் 0, ஃபால்ஸ், நல் மூன்றையுமே ‘எரர்’ என்று குறிக்கும். அங்கே பேட்ச் அனுப்புகிறவர் எழுதாமல் விடுவதுதான் வழி.

பூஜ்ஜியம் அல்லாத மதிப்பு வேறு விஷயம். 16,384 இன்ட் கொண்ட வரிசையின் முதல் எண்ணை மட்டும் 1 என்று தொடங்கினாலும், முழு 65,536 பைட்டும் ஆப்ஜெக்ட் கோப்பில் ஏறும். பிஎஸ்எஸ் மிச்சம் பிடிப்பது கோப்பின் அளவைத்தான், ஓடும்போதான ரேமை அல்ல. அதை இரண்டுமே ஒரே அளவுதான் தின்னும்.

சொந்தக் கெர்னல் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி நடையோடு நிற்காது. பூஜ்ஜியம் என்ற வாக்குறுதியை அங்கே யாரோ நிறைவேற்ற வேண்டும்; அந்த யாரோ நீங்கள்தான். ஆப்ஜ்காப்பி வைத்துத் தட்டையான பைனரி ஆக்கும்போது பிஎஸ்எஸ் அதில் வராது. க்யூஎமு எமுலேட்டரில் ரேம் பூஜ்ஜியமாகத் தொடங்குவதால் எல்லாம் ஓடும். உண்மையான போர்டில் ஏற்றினால், பூட்லோடர் விட்டுப்போன மிச்சங்கள் உங்கள் ஸ்டாட்டிக்கில் இருக்கும். எக்ஸ்வி6-இன் எக்ஸ்86 பதிப்பைத் திறந்து பாருங்கள்: ஈஎல்எஃப்பை ஏற்றும் கோடு, நினைவக அளவுக்கும் கோப்பு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பூஜ்ஜியத்தால் நிரப்புகிறது.

கவனிக்க வேண்டியவை: லிங்கர் ஸ்கிரிப்டில் பிஎஸ்எஸ்ஸோடு அதன் கிளைப் பிரிவுகளையும் ‘காமன்’ பிரிவையும் சேர்க்க வேண்டும். ‘டேட்டா செக்‌ஷன்ஸ்’ கொடி போட்டிருந்தால் ஒவ்வொரு மாறியும் தனிக் கிளைக்குப் போகும். கிளையை விட்டுவிட்டால் அது நீங்கள் அழிக்கும் எல்லைக்கு வெளியே விழும். 8 பைட்டாக அழிக்கும் லூப் என்றால் தொடக்கமும் முடிவும் 8-க்கு ஒத்திருக்க வேண்டும். ஸ்டாக்கை பிஎஸ்எஸ்ஸுக்குள் வைத்துவிட்டு, சி ஃபங்ஷனில் இருந்தபடி பிஎஸ்எஸ்ஸை அழித்தால், உட்கார்ந்த கிளையை வெட்டின கதைதான். அதை அசெம்பிளியில், ஸ்டாக்கைத் தொடாமல் செய்யுங்கள்.

லினக்ஸுக்குள்ளும் ஒரு விலக்கு இருக்கிறது. ஏஎம்டி நினைவக மறையாக்கத்துக்கான ‘எஸ்எம்ஈ மாஸ்க்’ மாறி, பிஎஸ்எஸ் அழிக்கப்படுவதற்கு முன்பே மதிப்புப் பெறுகிறது. பிஎஸ்எஸ்ஸில் இருந்தால் அந்த மதிப்பு அழிந்துவிடும். அதனால் டேட்டா பிரிவு என்று வெளிப்படையாகக் குறித்து, பக்கத்தில் ‘= 0’ என்றும் எழுதி, காரணத்தைக் கமென்டில் வைத்திருக்கிறார்கள்.

## கூடவே ஒட்டும் குறிகள்

ஆயுள் பூட் வரைதான் என்றால் ‘இனிட்டேட்டா’. பூட் முடிந்ததும் அந்த இடம் விடுவிக்கப்படும். ப்ரோப் தொடும் எதற்கும் இதைப் போடக் கூடாது. டிஃபர் ஆன ப்ரோப் பிறகும் ஓடும். தப்பாகப் போட்டால் பில்ட் முடிவில் ‘செக்‌ஷன் மிஸ்மேட்ச்’ வரும், அதை அலட்சியம் செய்யாதீர்கள். கான்ஸ்ட் தரவுக்கு ‘இனிட்கான்ஸ்ட்’. அங்கே இனிட்டேட்டா போட்டால் பிரிவு வகை மோதல் என்று கம்பைலரே நிறுத்திவிடும்.

பூட் சமயத்தில் ஒரு முறை எழுதி, பிறகு படிக்க மட்டும் என்றால் ‘ஆர்ஓ ஆஃப்டர் இனிட்’. 2016-இல் 4.6 பதிப்பில் வந்தது. பின்னால் எழுத முயன்றால் கெர்னல் ஊப்ஸ் அடிக்கும். ‘ரீட் மோஸ்ட்லி’யை மட்டும் அள்ளித் தெளிக்க வேண்டாம்: அடிக்கடி ஓடும் பாதையில் படிக்கப்படும் மாறிகள் ஒரே கேச் லைனில் நெருங்கி இருக்கத்தான் அது. எல்லாவற்றுக்கும் ஒட்டினால் அந்த நெருக்கம் போய்விடும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | பிரதி | லாக் | ப்ரோப் மறுபடி ஓடினால் | மறைந்த செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|---|
| கோப்பின் தலை | ஒன்று | நீங்களே. கம்பைல் நேர மேக்ரோ உண்டு | பழைய மதிப்பு நிற்கும் | இரண்டாவது டிவைஸ் வந்தால் உடையும் | டிரைவர் பதிவு, பேராமீட்டர், ஐடிஏ |
| ஃபங்ஷனுக்குள் | ஒன்று, பல மாதிரி தோன்றும் | மறந்துபோகும் | பழைய மதிப்பு நிற்கும் | போட்டி, டிஎம்ஏ தடை, ஹெடரில் பல பிரதி | ஒரு முறைக் கொடி, கான்ஸ்ட் அட்டவணை |
| டிவைஸ் ஸ்ட்ரக்சர் | டிவைஸுக்கு ஒன்று | ஓடும் நேர இனிட் தேவை | புதிதாகப் பூஜ்ஜியம் | ஆயுள் கணக்கு, கூடுதல் கோடு | சென்சார் நிலை, பஃபர் |
| பெர் சிபியு | கோருக்கு ஒன்று | எண்ணிக்கைக்கு வேண்டாம் | பழைய மதிப்பு நிற்கும் | மாட்யூலில் இடம் குறைவு, மொத்தம் தோராயம் | சூடான எண்ணிக்கை |
| ஸ்டாட்டிக் கான்ஸ்ட் | ஒன்று | வேண்டாம் | பாதிப்பில்லை | இரண்டாவது கான்ஸ்ட் மறப்பது | மாற்று அட்டவணை, பெயர்ப் பட்டியல் |

## மாற்றுக் கருத்தும் உண்டு

ஓபன்பிஎஸ்டியின் நடை விதி, ஒரே கோப்புக்குள் புழங்கும் ஃபங்ஷன்களைப் பயனர் பக்கத்தில் ஸ்டாட்டிக் ஆக்கு, கெர்னலில் ஆக்காதே என்கிறது. கெர்னல் டிபக்கருக்கு அது தடையாகிறது என்பது காரணம். அது ஃபங்ஷன்களுக்குச் சொன்னது. ஆனால் டிபக் செய்யும் வசதி ஓர் அளவுகோல் என்பதை அது நினைவூட்டுகிறது. லினக்ஸிலும் ‘கால்சிம்ஸ் ஆல்’ தேர்வைப் போடாவிட்டால் சிம்பல் பட்டியலில் பெரும்பாலும் ஃபங்ஷன்களே இருக்கும், மாறிகள் இருக்காது. ஸ்டாட்டிக் பெயருக்கும் டிரைவர் முன்னொட்டு வைத்துக்கொள்வது இதனால்தான் நல்லது: பட்டியலில் முப்பது ‘லாக்’ இருந்தால் எது தொட்டியுடையது? வகையைக் குறிக்கும் எழுத்துகளைப் பெயரில் ஒட்டும் பழக்கத்தை மட்டும் லினக்ஸ் நடை ஏற்காது.

## அனுப்பும் முன் சரிபார்க்க

செக்பேட்சை ‘ஸ்ட்ரிக்ட்’ தேர்வோடு ஓட்டுங்கள். பிறகு ஆப்ஜெக்ட் கோப்பின் மேல் ‘என்எம்’ ஓட்டினால் ஒவ்வொரு மாறியும் எங்கே போனது என்று தெரியும்: சிறிய ‘பி’ என்றால் பிஎஸ்எஸ், சிறிய ‘டி’ என்றால் டேட்டா, சிறிய ‘ஆர்’ என்றால் ரோடேட்டா. பெரிய எழுத்தாக இருந்தால் ஸ்டாட்டிக் விட்டுப்போயிருக்கிறது. பெயருக்குப் பின்னால் புள்ளியும் எண்ணும் ஒட்டியிருப்பவை ஃபங்ஷனுக்குள் இருக்கும் ஸ்டாட்டிக்குகள். சிறிய ‘பி’, ‘டி’ வரிகளில் அப்படி இருப்பதை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேள்வி கேளுங்கள். ‘சைஸ்’ கட்டளையை நம்பி ரோடேட்டாவைத் தேடாதீர்கள், அது டெக்ஸ்ட் கணக்கிலேயே அதைச் சேர்த்துக் காட்டும். போட்டி இருக்கிறதா என்று சந்தேகம் என்றால் 5.8 பதிப்பிலிருந்து இருக்கும், தரவுப் போட்டியைப் பிடிக்கும் கேசிசானைப் போட்டு இரண்டு ப்ராசஸில் ரீட்டைச் சுழல விடுங்கள்.

கடைசியாக, போர்டை அணைக்காமல் சிஸ்எஃப்எஸ்ஸில் டிரைவரின் அடைவுக்குப் போய், ‘அன்பைண்ட்’ கோப்பில் டிவைஸ் பெயரை எழுதுங்கள், அடுத்து ‘பைண்ட்’ கோப்பில் அதே பெயர். எண்ணிக்கை பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கவில்லை என்றாலோ, சென்சார் பழைய மட்டத்தையே காட்டினாலோ, எங்கோ ஒரு ஸ்டாட்டிக் தொட்டியின் கணக்கைத் தன் கணக்காக வைத்திருக்கிறது.